சாட்சிக் கூண்டில் பிள்ளைகள்



இன்ன பொருளில் பேசப்போகிறேன் என்று நான் எழுதி அனுப்பியதும் இந்தச் சொற்பொழிவின் அமைப்பாளர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சற்றுத் தயங்கிவிட்டு, "அம்மா, தன்பால் இணையர் திருமணத்தைப் பற்றியா பேசப்போகிறீர்கள்?" என்றார். "இல்லை, அவர்கள் வளர்க்கும் பிள்ளைகளைப் பற்றி" என்றேன். அந்த விடையில் அவருக்கு நிம்மதி கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு முதல் நன்றி.

நான் குடும்பநல நீதிமன்றத்தில் வழக்காடுகிறவள். ஒரு குழந்தையை முன்னிட்டு வழக்கு வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது, சட்டப்படி இந்தக் குழந்தைக்குப் பொறுப்பு யார் என்பதைத்தான். அவர் நல்லவரா, குடிகாரரா, பிள்ளை எத்தனை மதிப்பெண் வாங்குகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அமெரிக்காவில் திருமணச் சமத்துவம் பற்றி நடந்த விவாதத்தில் இந்த வரிசை இருபது ஆண்டுகளுக்கு மேல் தலைகீழாகக் கிடந்தது. இரண்டு தாய்களோ இரண்டு தந்தைகளோ வளர்த்த பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றி, "நீ எப்படி வளர்ந்திருக்கிறாய், காட்டு" என்று கேட்டார்கள். வேண்டும் என்ற தரப்பும் கேட்டது, வேண்டாம் என்ற தரப்பும் கேட்டது. அந்தக் கேள்வியே தவறு என்பது என் கட்சி. அதைச் சொல்ல ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன்.

மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகரை ஒட்டி வடக்கே ஹேசல் பார்க் என்று ஓர் ஊர். அங்கே ஏப்ரல் டிபோர், ஜெய்ன் ரௌஸ் என்று இரண்டு செவிலியர்கள் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ஒருவர் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்தார், மற்றவர் அவசர சிகிச்சைப் பிரிவில். 2007இல் உற்றார் முன்னிலையில் வாழ்நாள் துணையாக இருப்பதாக உறுதி செய்துகொண்டார்கள். அந்தச் சடங்குக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. 2009இல் ஓர் ஆண் குழந்தையை வளர்க்க ஏற்றார்கள். அதே ஆண்டு இன்னோர் ஆண் குழந்தை வந்தது. குறைமாதத்தில் பிறந்து, பெற்றவள் விட்டுப்போன பிள்ளை. இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் அருகில் இருக்க வேண்டிய நிலை. அடுத்த ஆண்டு சிறப்புக் கவனிப்பு தேவைப்பட்ட ஒரு பெண் குழந்தை. பிற வீடுகளில் எளிதாக இடம் கிடைக்காத பிள்ளைகள் இவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தத்தெடுப்பில்தான் சிக்கல். மிச்சிகன் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்றால் தனி ஆள் எடுக்கலாம், அல்லது திருமணமான தம்பதி எடுக்கலாம். இரண்டு பெண்கள் திருமணம் செய்துகொள்ள முடியாது. ஆகவே ஆண் பிள்ளைகள் இருவரையும் ரௌஸ் தத்தெடுத்தார், பெண் பிள்ளையை டிபோர் தத்தெடுத்தார். ஒரே மேசையில் சாப்பிட்டு ஒரே கூரைக்குக் கீழ் தூங்கும் மூன்று பிள்ளைகள். சட்டப் பதிவேட்டில் அவர்கள் இரண்டு குடும்பம். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே எந்த உறவும் இல்லை.

2011இல் ஒரு நாள் காரில் போய்க்கொண்டிருந்தபோது எதிரே வந்த வண்டி நேருக்கு நேர் மோதியிருக்க வேண்டியது, நூலிழையில் தப்பினார்கள். வீடு வந்ததும் உயில் எழுத வழக்கறிஞரைத் தேடிப் போனார்கள். நம் ஊரிலும் உயில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படி ஏதோ ஒன்றில் பயந்து வருகிறவர்கள்தான். அங்கே கிடைத்த விடை அவர்களை உலுக்கிவிட்டது. நீங்கள் உயிலில் எதை எழுதினாலும், ரௌஸ் இறந்தால் ஆண் பிள்ளைகளுக்கு டிபோர் வெளியாள். காப்பாளராக நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். நீதிபதி மறுக்கவும் செய்யலாம். இதுதான் அந்த விடை.

2012 ஜனவரியில் டெட்ராய்ட் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அதில் திருமணம் என்ற பேச்சே இல்லை. பிள்ளைகளை இருவரும் சேர்ந்து தத்தெடுக்க அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. வழக்கை விசாரித்தவர் பெர்னார்ட் ஃப்ரீட்மன். ரீகன் காலத்தில் நியமிக்கப்பட்ட நீதிபதி. புரட்சிக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் அவர்தான் வழக்கறிஞர்களிடம் எடுத்துச் சொன்னார்: உங்கள் தடை தத்தெடுப்புச் சட்டத்தில் இல்லை, திருமணத்தை ஆண்-பெண்ணுக்கு மட்டும் என்று 2004இல் வாக்கெடுப்பு மூலம் எழுதிவைத்த மாநில அரசமைப்புத் திருத்தத்தில் இருக்கிறது, மனுவைத் திருத்திக்கொண்டு வாருங்கள். திருத்தினார்கள். பிள்ளைக்குப் பெற்றோர் யார் என்று தொடங்கிய வழக்கு இப்படித்தான் திருமண வழக்காயிற்று.

ஆனால் திருமண வழக்கு என்றானதும், பிள்ளை எப்படி வளர்ந்திருக்கிறது என்ற பழைய கேள்வி உள்ளே நுழைந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1993இல் வர்ஜீனியாவில் ஷாரன் பாட்டம்ஸ் என்ற இளம் தாயின் மகனை, அவர் ஒரு பெண்ணோடு வாழ்கிறார் என்ற காரணத்தால், அவருடைய தாயே வழக்காடிப் பிரித்துக்கொண்டார். 1995இல் மாநில உச்ச நீதிமன்றமும் பாட்டியின் பக்கமே நின்றது. அப்போதெல்லாம் வாதம் நேரடியானது: இப்படிப்பட்டவரிடம் வளர்ந்தால் பிள்ளை கெட்டுப்போகும். 1996இல் ஹவாயில் திருமண உரிமை வழக்கு முழு விசாரணைக்கு வந்தபோது வாதம் கொஞ்சம் நாகரிகமாகியிருந்தது. ஆண்-பெண் இணையரிடம் வளர்வதே பிள்ளைக்கு மிகச் சிறந்தது, ஆகவே திருமணம் அவர்களுக்கு மட்டும் என்றது அரசு. விசித்திரம் என்னவென்றால், அரசே அழைத்துவந்த யேல் பல்கலைக்கழகக் குழந்தை மனநல மருத்துவர் கைல் ப்ரூயெட், தன்பால் இணையரும் நல்ல பெற்றோராக இருக்க முடியும் என்று கூண்டில் ஒத்துக்கொண்டார். அந்த டிசம்பரில் நீதிபதி கெவின் சாங் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். இரண்டாண்டு கழித்து ஹவாய் வாக்காளர்கள் அரசமைப்பையே திருத்தி அந்த வெற்றியைச் செல்லாததாக்கினார்கள். ஆனால் ஒன்று நிலைத்துவிட்டது: இனி இந்த வழக்குகளில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதை அளந்து காட்ட வேண்டும்.

அளந்தார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சார்லட் பேட்டர்சன் 1992இலேயே அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து, இந்தப் பிள்ளைகளின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க குறை எதுவும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். நனெட் கார்ட்ரெல் 1986 முதல் பெண் இணையரின் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து, அந்தப் பிள்ளைகள் பதினேழு வயதை எட்டியதும் 2010இல் முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2002இல் இரண்டாம் பெற்றோரின் தத்தெடுப்பை ஆதரித்தது, 2013இல் திருமணத்தையே ஆதரித்தது. இந்த ஆய்வுகளை நான் மதிக்கிறேன். தொடக்கக் கால ஆய்வுகள் பலவற்றில் மாதிரி சிறியது, தாங்களாகவே முன்வந்த படித்த குடும்பங்களே அதிகம் என்ற குறையும் உண்மைதான். பிற்பாடு ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் ரோசன்ஃபெல்ட் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே எடுத்து, பிள்ளைகள் வகுப்பில் தேறிப்போவதைப் பார்த்தார். அங்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இந்தப் பட்டியலை இத்தோடு நிறுத்துகிறேன். எண்களைவிட அந்தக் காலத்தில் அதிகம் பேசியது ஒரு பையன்.

2011 ஜனவரி 31. அயோவா மாநிலச் சட்டமன்றம். அதற்கு இரண்டாண்டு முன்பு, 2009 ஏப்ரலில், அயோவா உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகளும் ஒருமித்து தன்பால் திருமணத்தை அனுமதித்திருந்தது. அதற்கான விலையை மூன்று நீதிபதிகள் கொடுத்தார்கள். 2010 நவம்பரில் அவர்கள் பதவியில் தொடரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது மூவரையும் மக்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது அரசமைப்பைத் திருத்தித் திருமணத்தைத் தடுக்கும் தீர்மானம் அவைக்கு வந்திருக்கிறது. பொதுமக்கள் கருத்துக் கேட்பு. ஸாக் வால்ஸ் என்ற பத்தொன்பது வயது பொறியியல் மாணவர் எழுந்து சுமார் மூன்று நிமிடம் பேசினார். தாய்கள் இருவர். பெற்ற தாய் டெரி வால்ஸ் மருத்துவர். நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் கண்டு சக்கர நாற்காலி வரை போனவர். வீட்டில் எல்லோரையும் போலச் சண்டையும் சமாதானமும் உண்டு, தாய்களின் பாலீர்ப்பு தன் குணத்தை எவ்வகையிலும் பாதிக்கவில்லை என்றார் ஸாக். தேர்வில் தான் பெற்ற உயர்ந்த இடத்தைச் சொன்னார், சாரணர் இயக்கத்தின் மிக உயர்ந்த தகுதியான ஈகிள் ஸ்கௌட் என்பதைச் சொன்னார், சிறுதொழில் நடத்துவதைச் சொன்னார்.

அடுத்த நாள் கீழவை 62க்கு 37 என்ற கணக்கில் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டது. மேலவை அதை எடுத்துக்கொள்ளாததால்தான் அது செத்தது. ஆனால் அந்த மூன்று நிமிடக் காணொளியை இலட்சோப இலட்சம் பேர் பார்த்தார்கள். ஸாக் பிறகு புத்தகம் எழுதினார். 2018இல் அதே அயோவாவின் மேலவைக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். என்னைக் கேட்டால் அந்த விவாதத்தில் மனம் மாற்றியவர்களின் வரிசையில் அவருக்கு முன்னிடம் உண்டு. அந்தப் பேச்சை நானும் பார்த்து நெகிழ்ந்தவள்தான்.

நெகிழ்ந்த பிறகு ஒரு வழக்கறிஞரின் சந்தேகம் வந்தது. இந்தப் பையன் கணக்கில் தோற்றிருந்தால்? சாரணர் இயக்கத்திலிருந்து பாதியில் ஓடிவந்தவனாக, பதின்வயதில் ஒருமுறை காவல் நிலையம் போய்வந்தவனாக இருந்தால்? அவனைப் பேச அழைத்திருக்க மாட்டார்கள். அவனாக வந்திருந்தால் மறுதரப்பு அவனையே சான்றாகக் காட்டியிருக்கும். ஆண்-பெண் தம்பதியின் பிள்ளை பத்தாம் வகுப்பில் தோற்றால் அவனுக்கு டியூஷன் வைப்பார்கள். அவனுடைய தாய் தகப்பனின் திருமணம் செல்லுமா என்று யாரும் வழக்குப் போடுவதில்லை.

இந்தச் சுமை பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தன்பால் பெற்றோரின் பிள்ளைகள் 1990இலேயே தங்களுக்கென்று கொலாஜ் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அந்த வட்டாரத்திலிருந்து வந்த அபிகேல் கார்னர் 2004இல் எழுதிய நூலில் இதைத்தான் நிறையப் பேசுகிறார். தந்தையின் தன்பாலீர்ப்பு தெரிந்து வளர்ந்தவர் அவர். எங்கள் குடும்பம் நலம் என்று ஊருக்கு எந்நேரமும் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய பிள்ளைக்குத் தன் துக்கத்தைச் சொல்ல இடமில்லாமல் போகிறது. இரண்டு தாய்களும் பிரிந்தாலும் வெளியே சொல்ல முடியாது; சொன்னால் அது போராட்டத்துக்கு எதிரான துருப்புச் சீட்டாகிவிடும். பிள்ளைக்கே தன்பாலீர்ப்பு இருந்துவிட்டால் அதைவிடக் கஷ்டம். "பார், சொன்னோமே" என்று சொல்ல எதிர்த்தரப்பினர் காத்திருக்கிறார்கள்.

மறுபக்கத்திலும் பிள்ளைகள் இருந்தார்கள். பெற்றோர் மணமுறிவுக்குப் பிறகு தாயும் இன்னொரு பெண்ணும் வாழ்ந்த வீட்டில் வளர்ந்த கேட்டி ஃபாஸ்ட், 2015இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கென்னடிக்குத் திறந்த மடல் எழுதினார். தாயையும் அவருடைய துணையையும் நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்ற தாயும் பெற்ற தந்தையும் வேண்டும், ஆகவே இந்தத் திருமணத்தை அனுமதிக்காதீர்கள் என்பது அவர் வேண்டுகோள். சமத்துவத்தை ஆதரித்தவர்களில் பலர் அவரை ஏளனம் செய்தார்கள். அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. தந்தை இல்லாத ஏக்கம் உண்மையான ஏக்கம். விதவையின் மகனுக்கும் அது உண்டு, தகப்பன் துபாயில் இருக்கும் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் அந்த ஏக்கத்திலிருந்து ஒரு சட்டத்துக்குத் தாவ முடியாது. கேட்டியின் தாய்க்குத் திருமண உரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்தில்தானே அவர் வளர்ந்தார்? அந்த மறுப்பு அவருக்குத் தந்தையை வீட்டுக்கு மீட்டுக் கொடுக்கவில்லையே.

இனி டெட்ராய்ட்டுக்கு வருகிறேன். 2014 பிப்ரவரி கடைசியில் ஃப்ரீட்மன் முன்னால் விசாரணை தொடங்கியது. மிச்சிகன் அரசின் முக்கியச் சாட்சி டெக்சாஸ் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மார்க் ரெக்னரஸ். சுமார் 3,000 இளைஞர்களிடம் கேட்டு 2012இல் அவர் வெளியிட்ட ஆய்வு, தன்பாலீர்ப்புள்ள பெற்றோரின் பிள்ளைகள் பல வகையிலும் பின்தங்குகிறார்கள் என்றது. அதை எப்படிக் கணக்கிட்டார் என்பதில்தான் சூட்சுமம். பெற்றோரில் ஒருவருக்கு எப்போதாவது தன்பால் உறவு இருந்திருந்தால் போதும், பிள்ளை அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆண்-பெண் திருமணம் முறிந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். பிறந்தது முதல் இரண்டு பெண்களோடு முழுமையாக வளர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முறிந்த வீட்டுப் பிள்ளைகளை முறியாத வீட்டுப் பிள்ளைகளோடு வைத்துப் பார்த்தால் எந்தச் சமூகத்திலும் வேறுபாடு தெரியத்தான் செய்யும். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது தன்பால் திருமணத்தை எதிர்த்துவந்த விதர்ஸ்பூன் நிறுவனம் என்பதும் விசாரணையில் பேசப்பட்டது. அவர் சாட்சி சொன்ன நாளிலேயே அவருடைய துறை, இவை அவருடைய சொந்தக் கருத்துகள் என்று அறிக்கை விட்டு ஒதுங்கிக்கொண்டது. அவர் சாட்சியம் நம்பத்தக்கதே அல்ல என்று மார்ச் 21ஆம் நாள் தீர்ப்பில் எழுதினார் ஃப்ரீட்மன்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் வேறு. பிள்ளைகள் மிகச் சிறப்பாக வளரும் குடும்பங்களுக்கே திருமணம் என்பது அரசின் வாதம். அப்படியானால் புள்ளிவிவரப்படி, புறநகரில் வசிக்கும் படித்த பணக்கார ஆசிய வம்சாவளியினர் மட்டுமே திருமணம் செய்துகொள்ள வேண்டியிருக்கும், மற்ற எல்லோருக்கும் தடை போட வேண்டியிருக்கும் என்றார் நீதிபதி. நாற்பது பக்க மறுப்பு செய்ய முடியாததை அந்த ஒரு வாக்கியம் செய்துவிட்டது. திருமணப் பதிவாளர் எவரும் மணமக்களிடம் பிறக்கப்போகும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் கேட்பதில்லை.

விசாரணையில் மனுதாரர் தரப்பில் விவேக் சங்கரன் என்ற மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியரும் சாட்சி சொன்னார். குழந்தைகள் நலச் சட்டம் அவருடைய துறை. ஒரே ஒரு சட்டப்பூர்வப் பெற்றோர் உள்ள பிள்ளைக்கு அந்த ஒருவர் இறந்தால் என்ன ஆகும் என்று சொன்னார். ஏப்ரலும் ஜெய்னும் உயில் எழுதப் போன நாளில் கேட்ட அதே பதில். இத்தனை ஆய்வறிஞர்கள் வந்துபோன வழக்கில் பிள்ளையின் பக்கம் நின்று பேசிய சாட்சியம் இதுவே என்பேன்.

சட்டத்தில் இரண்டாம் பெற்றோர் இல்லாததன் கொடுமை, மகிழ்ச்சியான வீடுகளில் தெரியாது. நோயிலும் சாவிலும் பிரிவிலும்தான் தெரியும். 1991இல் நியூயார்க் மாநில உயர்மட்ட நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. இரண்டு பெண்கள் சேர்ந்து திட்டமிட்டுப் பெற்ற பிள்ளை. பிரிந்த பிறகு, பெறாத தாய் பிள்ளையைப் பார்க்க விடும்படி கேட்டார். பெறவும் இல்லை, தத்தெடுக்கவும் இல்லை, ஆகவே நீங்கள் பெற்றோர் அல்லர் என்று நீதிமன்றம் கதவைச் சாத்தியது. இதனால் அடிபடுவது பிள்ளைகள் என்று நீதிபதி ஜூடித் கே மட்டும் மாறுபட்டு எழுதினார். அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் திருத்திக்கொண்டது 2016இல். இடையில் இருபத்தைந்து ஆண்டு. எத்தனை பிள்ளைகளுக்கு அந்த இடைவெளியில் ஒரு தாய் காணாமல் போயிருப்பார்.

மாசச்சூசெட்ஸில் 2003இல் வென்ற குட்ரிட்ஜ் வழக்கின் மனுதாரர்களையும் இங்கே நினைக்க வேண்டும். தன் துணைவி மகளைப் பெற்றபோது தாயையும் சேயையும் பார்க்க மருத்துவமனையில் இடர்ப்பட்டவர் ஹிலரி குட்ரிட்ஜ். அதுவே வழக்குக்கு ஒரு காரணம். திருமணத்தை மறுப்பதால் ஆண்-பெண் தம்பதியரின் பிள்ளைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கூடவில்லை, இவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் குறைகிறது என்று தலைமை நீதிபதி மார்கரெட் மார்ஷல் எழுதினார். அமெரிக்காவில் முதன்முதலாக மாநில அளவில் திருமணத்தைப் பெற்றுத் தந்த அந்த இருவரும் சில ஆண்டுகளில் பிரிந்தார்கள். எதிரிகள் சிரித்தார்கள், நண்பர்கள் தலைகுனிந்தார்கள். எனக்கு இரண்டுமே விளங்கவில்லை. திருமணச் சட்டம் என்று நாம் சொல்வதில் பாதி, மணமுறிவுச் சட்டம்தானே! பிள்ளை யாரிடம் இருக்கும், யார் பணம் கட்டுவது, விடுமுறைக்கு எங்கே போகும் என்பதை ஒழுங்காகத் தீர்க்கும் வழி அந்த மகளுக்கு இருந்தது. 1991இன் நியூயார்க் பிள்ளைக்கு இல்லை.

மிச்சிகன் தீர்ப்புக்கு மறுநாளே சுமார் 300 இணையர் திருமணம் செய்துகொண்டார்கள். அன்றைக்கே தடை உத்தரவும் வந்தது. நவம்பரில் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று ஃப்ரீட்மனின் தீர்ப்பைக் கவிழ்த்தது. இதை வாக்காளர்களே முடிவு செய்யட்டும் என்றார் நீதிபதி ஜெஃப்ரி சட்டன். மாறுபட்ட நீதிபதி மார்த்தா டாட்ரி, பெரும்பான்மைத் தீர்ப்பு சுவையான மேடைப் பேச்சு போல இருக்கிறது, ஆனால் நம் முன் நிற்கும் இரண்டு செவிலியரும் அவர்கள் பிள்ளைகளும் அதில் காணவில்லை என்ற பொருளில் கடுமையாக எழுதினார். அந்தத் தோல்வியால்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. ஒபர்கெஃபெல் என்ற பெயரில் இணைந்த வழக்குகளில் 2015 ஜூன் 26ஆம் நாள் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு வந்தது. அதை எழுதியவர் கென்னடி. கலிஃபோர்னியாவில் மட்டும் இத்தகைய பிள்ளைகள் 40,000 பேர் இருக்கிறார்கள், அவர்கள் குரலுக்கு மதிப்பில்லையா என்று 2013இலேயே மன்றத்தில் கேட்டவர் அவர்தான். 2015 ஆகஸ்ட்டில் டிபோருக்கும் ரௌஸுக்கும் திருமணம் செய்துவைத்தவர் நீதிபதி ஃப்ரீட்மன். நவம்பரில் பிள்ளைகள் எல்லோரும் அவர்கள் இருவருக்கும் பொதுவான பிள்ளைகள் ஆனார்கள். 2012இல் கேட்டது அதைத்தான்.

அத்தோடு முடிந்துவிடவில்லை. தான விந்தணுவால் பிறந்தாலும் தாயின் கணவர் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் எழுதிவந்த அர்கன்சா மாநிலம், தாயின் மனைவி பெயரை எழுத மறுத்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு அதைச் செல்லாது என்றது.

இதெல்லாம் அந்நிய நாட்டுக் கதை என்று எழுந்து போகத் துடிக்கிறவர்கள் இன்னும் சில நிமிடம் பொறுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் நமது தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளைப் படித்தால் பழைய மிச்சிகன் அப்படியே தெரியும். தனி ஆள் தத்தெடுக்கலாம். பெண்ணானால் எந்தக் குழந்தையையும், ஆணானால் ஆண் குழந்தையை மட்டும். இருவர் சேர்ந்து எடுக்க வேண்டுமானால் ஒழுங்குமுறை 5(3)இன்படி இரண்டாண்டு நிலையான மணவாழ்வு வேண்டும். ஒருவகையில் நாம் மிச்சிகனை விடக் கடுமை. திருமணம் இன்றித் துணையோடு சேர்ந்து வாழும் தனி விண்ணப்பதாரரையும் ஏற்பதில்லை என்று அதே 2022 ஜூனில் மத்திய தத்தெடுப்பு ஆணையம் சுற்றறிக்கை விட்டது. மகப்பேறு உதவித் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தனிப் பெண் தான விந்தணுவால் பிள்ளை பெறலாம். அங்கும் பதிவில் ஒரே ஒரு தாய்.

2023 ஏப்ரல், மே மாதங்களில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு திருமணச் சமத்துவ வழக்கைக் கேட்டபோது, பிள்ளைகள் இங்கும் கூண்டேறினார்கள். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் எதிர்த்தது, டெல்லிக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆதரித்தது. இரண்டும் குழந்தைகளின் பெயரால் இயங்குபவை. அக்டோபர் 17ஆம் நாள் தீர்ப்பு. திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐவரும் ஒன்று. தத்தெடுப்பில் பிரிந்தார்கள். திருமணமான ஆண்-பெண் தம்பதியால்தான் நிலையான வீட்டைத் தர முடியும் என்பதற்கு எந்தச் சான்றும் முன்வைக்கப்படவில்லை, ஆகவே தன்பால் இணையரை விலக்குவது செல்லாது என்றார் தலைமை நீதிபதி சந்திரசூட். நீதிபதி கௌல் உடன்பட்டார். நீதிபதிகள் பட், ஹிமா கோலி, நரசிம்மா மூவரும் அந்த விதி செல்லும் என்றார்கள். மூவர் கருத்தே சட்டம். 2025 ஜனவரியில் சீராய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. அதே ஆண்டு மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, பெற்றோர் தடுத்துவைத்த ஒரு பெண்ணை அவர் விரும்பியபடி விடுவித்தபோது, திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று எழுதியது. அந்த வழக்கில் பிள்ளை யாரும் இல்லை. ஆனால் பிள்ளை உள்ள வழக்கு வரும்போது அந்த வரியை யாராவது படித்துக் காட்டத்தான் போகிறார்கள்.

அதுவரை என்ன செய்வது என்று கேட்டால், நான் சொல்லக்கூடியது சில ஒட்டுப்போட்ட ஏற்பாடுகள். சட்டப்பூர்வத் தாய் உயிலில் தன் துணையைக் காப்பாளராக எழுதிவைக்கலாம். பிள்ளைக்கு வாரிசுரிமை தானாக வராது என்பதால் துணையும் தன் சொத்தைப் பிள்ளை பெயருக்கு உயில் எழுத வேண்டும். வாரிசு நியமனம், காப்பீடு, பள்ளிக்கான அதிகாரக் கடிதம் ஆகியவற்றையும் கேட்டுக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். நீதிமன்றக் காப்பாளர் வழியும் இருக்கிறது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின் 8ஆம் பிரிவு, சிறாரின் உறவினர் மட்டுமல்ல, நண்பரும் மனுச் செய்யலாம் என்கிறது. விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம் இந்த ஒரு இடத்தில் நம்மைவிடத் தாராளம். ஆனால் சட்டம் ஏற்ற பெற்றோர் உயிரோடும் தகுதியோடும் இருக்கும்வரை 19ஆம் பிரிவு அந்த வழியை அடைத்துவைத்திருக்கிறது. ஆக, இரண்டாமவர் காப்பாளராவதற்கே முதலாமவர் சாக வேண்டும்.

ஒழுங்குமுறை 5(3)ஐ மாற்ற நாடாளுமன்றம் திருமணச் சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. அது தத்தெடுப்பு ஆணையம் வகுத்து மத்திய அரசு அறிவிக்கை செய்த விதி. இன்னோர் அறிவிக்கையால் திருத்தக்கூடியது. சட்டம் படிக்கும் மாணவர்கள் தேநீர் இடைவேளையில் 8ஆம் பிரிவையும் 19ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். கேள்வி நேரத்தை அங்கிருந்து தொடங்கலாம்.